தூசியைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்

மே மாதம் முதல் செவ்வாய்க்கிழமை உலக ஆஸ்துமா தினம். 1998லிருந்து நடக்கிறது. அன்றைக்கு ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு நோட்டீசு ஒட்டுவார்கள். தூசியைத் தவிருங்கள், புகையைத் தவிருங்கள். யாரைப் பார்த்து?

எங்க அத்தை இருபது வருசம் நகராட்சித் தெருவைக் கூட்டுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டு இழுக்கும். விடிந்தால் மறுபடி விளக்குமாறு. "தூசிப் பக்கமே போகாதீங்கம்மா" என்றார் டாக்டர். "தூசிதான சார் எனக்குச் சம்பளம் குடுக்குது" என்றது அத்தை.

யாருக்குத் தூசி, யாருக்குச் சுத்தக் காற்று என்பதை இங்கே சாதிதான் பங்கு பிரித்து வைத்திருக்கிறது. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது. பக்கத்தில் ஐ.டி. கம்பெனிகள், பத்திரிகைகளுக்கும் மூச்சு முட்டியது. வடசென்னையில் கொடுங்கையூர் மேட்டுப் புகையை ஜனங்கள் பல பத்தாண்டுகளாக விழுங்குகிறார்கள். அதெல்லாம் செய்தியா என்ன?

நம்ம பக்கமும் தப்பு இருக்கு, அதையும் பேசணும். இழுப்பு ஒட்டிக்கும் என்று பயந்து, பொண்ணு பார்க்க வந்தால் மறைக்கிறோம். பம்பு எடுத்தா பழகிடும், விட முடியாது என்கிறோம். இரண்டுமே பொய். மூச்சுக்குழாய் உள்ளே வீங்கிச் சுருங்குவதுதான் ஆஸ்துமா. சால்பூட்டமால் பம்பு அந்த நேரத்துச் சுருக்கத்தை விரிக்கும், வீக்கத்தை ஆற்றாது. அதற்கு உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்து வேண்டும். சால்பூட்டமாலை மட்டும் நம்பாதீர்கள் என்று 2019லிருந்து சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. மாத்திரை உடம்பெல்லாம் சுற்றும், பம்பு மருந்து நேரே நுரையீரலுக்குப் போகும். அத்தைக்குக் கிடைத்ததோ ரெண்டு மாத்திரை, ஒரு ஊசி.

தோழர்களே, நாம் கேட்க வேண்டியது நோட்டீசு அல்ல. ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் ரெண்டு மருந்தும் பம்பாகவே கிடைக்கணும், எப்படி இழுப்பதென்று அங்கேயே சொல்லித் தரணும். கூட்டும் முன்னால் தண்ணி தெளிக்க ஏற்பாடு வேணும். இழுப்பு வந்தவர்களைச் சம்பளம் குறைக்காமல் வேறு வேலைக்கு மாத்தணும். அதற்கும் மேலே ஒரு கேள்வி இருக்கிறது: கூட்டுற வேலைக்கு மட்டும் ஏன் எப்பவும் நம்ம தெருவுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடுறாங்க?

போன மாதம் அத்தை மகளையும் ஒப்பந்தத்தில் அதே வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். முகத்துக்குக் கவசம் கேட்டிருக்கிறாள். "அதான் துப்பட்டா இருக்குல்ல" என்றாராம் மேஸ்திரி.