‘வொர்க் ஆகலை சார்!’

டாக்டரிடம் போகிறோம். “என்ன பண்ணுது?” என்கிறார். “மூணு நாளா வலது பக்கம் வலிக்குது டாக்டர். சாப்பிட்டதும் ஜாஸ்தியாகுது. முந்தாநாள் கல்யாண வீட்டுல போண்டா சாப்பிட்டதிலேர்ந்துதான்...” என்று தேதிவாரியாக ஒப்பிக்கிறோம். மெக்கானிக்கிடம் வண்டியை விட்டால், “செகண்ட் கியர்ல மட்டும் ‘கொடகொட’ங்குதுப்பா” என்று சத்தமே போட்டுக் காட்டுகிறோம். புரோகிராமில் கோளாறு என்றால் மட்டும், எம்.சி.ஏ. முடித்த பிள்ளைகள்கூட மூன்றே வார்த்தையில் முடித்துக்கொள்கிறார்கள்: “வொர்க் ஆகலை சார்.”

எது ஆகலை? என்ன வரும் என்று நினைத்தீர்கள்? வந்தது என்ன? எப்போதும் இப்படியா, எப்போதாவதா? எல்லாவற்றையும் நாம்தான் வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை செய்து வாங்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் கொஞ்ச காலம் சோறு தின்றவன் என்கிற ஒரே தகுதியில், எங்கள் அபார்ட்மென்ட்டில் நான் இலவச ஆலோசகன். லிஃப்டில் கன்சல்டேஷன் நடக்கும். பால் பூத்திலும் நடக்கும். ஃபீஸ், ஒரு டம்ளர் காபி. அதனால் உதவி கேட்பதில் உள்ள சகல தினுசுகளையும் பார்த்தாயிற்று. அதில் எதிர் ஃப்ளாட் பையனின் கேஸ் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியது.

* * *

பையனுக்கு வேலை கிடைத்து ஆறு மாதம். சின்ன கம்பெனி. பள்ளிக்கூடங்களுக்கு அடையாள அட்டை அச்சடிக்கும் புரோகிராம் ஒன்றைப் பராமரிக்கிறார்கள். எழுதப்பட்டிருப்பது பிஎச்பி என்கிற ஸ்கிரிப்டிங் மொழியில்.

தெரியாதவர்களுக்கு: ஸ்கிரிப்டிங் மொழி என்றால் எழுதியதை உடனே ஓட்டிப் பார்க்கலாம், நடுவில் கம்பைல் செய்கிற சடங்கு கிடையாது. பிஎச்பியை ஆரம்பித்து வைத்தவர் ராஸ்மஸ் லெர்டார்ஃப். கிரீன்லாந்தில் பிறந்தவர். வலையில் போட்டிருந்த தன் பயோடேட்டாவை யார் யார் வந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எழுதிய சில்லறை வேலைதான் அது. 1995-ல் எல்லோருக்கும் கொடுத்தார். விக்கிபீடியாவே அந்த மொழியில் ஓடுகிறது. சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம், சீக்கிரம் வேலை கிடைக்கும், சீக்கிரம் மாட்டிக்கொள்ளலாம்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி பையன் வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“அங்கிள், நல்ல தமிழ் ஃபான்ட் ஒண்ணு சொல்லுங்களேன்.”

அங்கிள் என்றதை மன்னித்து, “எதுக்குப்பா?” என்றேன்.

“சும்மா அங்கிள். ஆபீஸ்ல ஒரு சின்ன ப்ராப்ளம்.”

சின்ன ப்ராப்ளத்துக்கு யாரும் சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டுவதில்லை. காபி கொடுத்து விசாரித்ததில் மெல்ல வெளியே வந்தது. ஒரு பள்ளிக்கூடம் முதல் முறையாக அட்டையில் பெயரைத் தமிழில் கேட்டிருக்கிறது. அச்சடித்தால் சில பெயர்களின் கடைசி எழுத்து போய், அந்த இடத்தில் கறுப்பு டைமண்டுக்குள் ஒரு கேள்விக்குறி உட்கார்ந்திருக்கிறது. திங்கட்கிழமை டெலிவரி. பையனுக்கு அந்த மாதத்தோடு ப்ரொபேஷன் முடிகிறது. நீடிப்பதும் கிளம்புவதும் இதில்தான்.

மூன்று நாளாக எல்லோரிடமும் ஃபான்ட் கேட்டிருக்கிறான். காலேஜ் நண்பன் ஒன்று சொன்னான். டிடிபி கடைக்காரர் இரண்டு சொன்னார். ஏ.ஐ.யிடம் கேட்டிருக்கிறான், அது மிகுந்த மரியாதையோடு நம்பர் போட்டுப் பட்டியலே கொடுத்துவிட்டது. ஆறு ஃபான்ட் மாற்றியாயிற்று. கேள்விக்குறி மட்டும் ஒவ்வொரு ஃபான்ட்டிலும் ஒவ்வொரு அழகில் வந்தது.

இதற்குப் புரோகிராமர்கள் ‘எக்ஸ்-ஒய் பிராப்ளம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நிஜமான தொந்தரவு எக்ஸ். அதற்கு மருந்து ஒய் என்று நீங்களே தீர்மானித்துவிடுகிறீர்கள். வெளியே வந்து ஒய்யை மட்டும் கேட்கிறீர்கள். வீட்டுக் கூரை ஒழுகும்போது, ‘பெரிய வாளி எங்கே கிடைக்கும்?’ என்று தெருவெல்லாம் விசாரிப்பது போல. கேட்டவர்கள் எல்லாரும் நல்லவர்கள். நல்ல நல்ல வாளிக் கடையாகச் சொல்லி அனுப்பினார்கள்.

* * *

“எல்லாப் பேரும் இப்படியா வருது?” என்றேன்.

“இல்லை அங்கிள். சிலது.”

“எந்தச் சிலது?”

திருதிருவென்று விழித்தான். அட்டைகளை எடுத்துவரச் சொன்னேன். ஒரு பேப்பரை நடுவில் கோடு போட்டு, ஒழுங்காக வந்த பெயர்கள் இடது பக்கம், கெட்டுப்போனவை வலது பக்கம் என்று எழுதச் சொன்னேன்.

இடது பக்கம்: வேலன், கந்தன், குமரன். வலது பக்கம்: முருகன், மீனாட்சிசுந்தரம்.

மீனாட்சிசுந்தரம் ‘மீனாட்’ என்பதோடு நின்று கேள்விக்குறியாகிவிட்டது. நீளமான பெயர், போகட்டும். முருகன் என்ன பாவம் செய்தார்? குமரனும் நாலெழுத்து, கந்தனும் நாலெழுத்து, முருகனும் நாலெழுத்து. எல்லாம் ஒரே சாமி வேறு. இதில் முருகனுக்கு மட்டும் கடைசிப் புள்ளி பறிபோய், பக்கத்தில் கேள்விக்குறி!

பையன் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தான். “இங்கிலீஷ்ல அடிச்சா எவ்வளவு நீளப் பேரும் வந்துச்சு அங்கிள்... இருபது எழுத்து வரைக்கும்...” என்று ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்தினான். “அங்கிள், ஒரு நிமிஷம்” என்று ஓடினான். அஞ்சு நிமிஷத்தில் லேப்டாப்போடு வந்தான். ‘சப்ஸ்டர்’ என்கிற ஃபங்ஷன். முதல் இருபதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டு என்று எவரோ, எப்போதோ எழுதி வைத்த ஒரே ஒரு வரி.

கணக்கு இதுதான். ‘சப்ஸ்டர்’ எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது. யூடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழுக்கு அப்படி இல்லை. யூனிகோடில் ‘கு’ என்பது ‘க’ ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. ‘ன்’ என்பது ‘ன’ ஒன்று, புள்ளி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். குமரனுக்கு ஆறு குறிகள், 18 பைட். இருபதுக்குள் அடங்கிவிட்டார். முருகனுக்கு இரண்டு உகரம் இருப்பதால் ஏழு குறிகள், 21 பைட். கடைசிப் புள்ளிக்குரிய மூன்று பைட்டில் இரண்டு உள்ளே, ஒன்று வெளியே. பாதி உடம்பு அறுந்த புள்ளியை எந்த ஃபான்ட்டாலும் வரைய முடியாது. அதைத்தான் அந்தக் கேள்விக்குறி மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

மருந்து சுலபம். ‘எம்பி சப்ஸ்டர்’ என்று இன்னொன்று உண்டு. அது குறிகளை எண்ணும். ஆனால் அதுவும் இருபதில் வெட்டும்போது ‘கு’வைப் பிளந்து ‘க’ ஆக்கிவிடலாம். முழு எழுத்தாகவே வெட்ட ‘கிராஃபீம் சப்ஸ்டர்’ இருக்கிறது. பையன் அதைப் போட்டான். முருகனுக்குப் புள்ளி திரும்பி வந்தது.

கவனியுங்கள், நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ‘எந்தச் சிலது?’ என்று கேட்டேன், அவ்வளவுதான். விடை அவன் வாயிலிருந்தே வந்தது. ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் என்கிற இருவர் 1999-ல் எழுதிய ‘தி ப்ராக்மாடிக் புரோகிராமர்’ என்ற புத்தகத்தில் ஒரு ரப்பர் வாத்து வருகிறது. மேஜை மேல் வாத்தை வைத்துக்கொண்டு, புரோகிராமை வரி வரியாக அதற்கு விளக்கிச் சொல்ல வேண்டியது. சொல்லி முடிப்பதற்குள் தப்பு தானாகப் புலப்பட்டுவிடும். வாத்து கிடைக்காவிட்டால் நம் ஊரில் மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்துக்கொள்ளலாம். காதும் பெரிசு, குறுக்கேயும் பேச மாட்டார்.

* * *

இன்னொரு தினுசு உண்டு. பிழைச் செய்தியைப் படிக்காமல் கொண்டு வருபவர்கள். “ஏதோ எர்ரர் வருது சார், ஓகே அழுத்திட்டேன்.”

கம்ப்யூட்டர் அந்தச் சிவப்பு எழுத்தில் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. பிஎச்பியில் ‘ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்’ என்று பிரபலமான ஒரு புலம்பல் உண்டு. அடைப்புக்குறிக்குள் எந்த ஃபைலில், எத்தனையாவது வரியில் தகராறு ஆரம்பித்தது என்று விலாசமே கொடுத்திருக்கும். அங்கே போய்ப் பார்த்தால், ஃபைலின் தலையில் யாரோ தெரியாமல் தட்டிய ஒரு வெற்றிடம். ஆனால் ஒன்று: 42-ம் வரியில் தப்பு என்றால் 41-ஐயும் பாருங்கள். செமிகோலன் விட்டுப்போனது மேல் வரியில்; அது இல்லை என்று தெரிய வருவதே அடுத்த வரியில்தான். பிணம் கிடந்த இடம் வேறு, கொலை நடந்த இடம் வேறு.

பிழைச் செய்தி புரியாவிட்டாலும் பயப்பட வேண்டாம். பழைய பிஎச்பியில் ‘பாமாயிம் நெகுடோத்தாயிம்’ என்று ஒன்று வரும். ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைக்கலாம். அது ஹீப்ரு மொழி. அர்த்தம்: இரட்டை முக்காற்புள்ளி. 1997-ல் பிஎச்பியைத் திருத்தி எழுதிய ஜீவ் சுராஸ்கி, ஆண்டி கட்மன்ஸ் இருவரும் இஸ்ரேலில் டெக்னியான் மாணவர்கள். ஹீப்ருவில் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். அமெரிக்காக்காரனுக்கும் அது புரியாமல்தான் இருந்தது. 2020-ல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து செய்தியில் அந்தக் குறியையே காட்டுகிறார்கள். ஆக, புரியாமல் முழிப்பது நமக்கு மட்டும் வாய்த்த பாக்கியம் இல்லை.

* * *

எனக்கு உறுத்தியது வேறு. “ஆபீஸ்ல சீனியர் யார்கிட்டயாவது இந்த அட்டையைக் காட்டினியா?” என்றேன்.

“இல்லை அங்கிள்.”

“ஏன்?”

சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறான். சீனியர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், “இதுகூடத் தெரியாதா?” என்றிருக்கிறார். பக்கத்து சீட்டில் இரண்டு பேர் சிரித்திருக்கிறார்கள். அவ்வளவுதான். அன்றிலிருந்து பையன் வாயை மூடிக்கொண்டான். ஃபான்ட் என்று கேட்டால் சாதாரணக் கேள்வி. ‘என் புரோகிராமில் என்ன தப்பென்று தெரியவில்லை’ என்றால் அவமானம். அதனால்தான் மூன்று நாளும் ஊரெல்லாம் வாளிக் கடை விசாரித்தான். ராஜினாமாக் கடிதம்கூட டைப் அடித்து வைத்திருந்தானாம். அதை மட்டும் இங்கிலீஷில் எழுதியிருந்ததால் கேள்விக்குறி வரவில்லை.

அந்த சீனியர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவருக்கும் டெலிவரி இருந்திருக்கும். ஆனால் அவர் அன்று மிச்சப்படுத்தியது அஞ்சு நிமிஷம். கம்பெனிக்குச் செலவானது மூன்று நாள். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் ஓர் ஆளும்.

சீனியர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான். யார் எதைக் கேட்டாலும், பதில் சொல்லும் முன், “நிஜமா என்ன பண்ணப் பாக்கறே?” என்று கேளுங்கள்.

ஜூனியர்களுக்குக் கொஞ்சம் அதிகம். என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்பதை நாலு வரியில் எழுதிக்கொண்டு போங்கள். பிழைச் செய்தியை அட்சரம் மாறாமல் காட்டுங்கள். ஐநூறு வரியைத் தூக்கிக்கொண்டு போகாமல், கோளாறு தெரிகிற மாதிரி பத்து வரியாகச் சுருக்குங்கள். சுருக்கும்போதே பாதி வியாதிகள் பிடிபட்டுவிடும். வெளியாட்களிடமோ ஏ.ஐ.யிடமோ காட்டுவதற்கு முன் பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள். தீர்ந்ததும், எதனால் தீர்ந்தது என்று உதவியவரிடம் போய்ச் சொல்லுங்கள். ஏ.ஐ.யிடம் கேட்பவர்களுக்கும் இதேதான் விதி. அது சலித்துக்கொள்ளாது, சிரிக்காது; பெரிய சௌகரியம். ஆனால் வாளி கேட்டால் வாளி கிடைக்கும். கூரையைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பையன் திங்கட்கிழமை அட்டைகளைக் கொடுத்துவிட்டான். அந்த வரிக்கு மேலே, ‘இங்கே பைட் கணக்கில் வெட்டாதீர்கள், முருகன் கோபித்துக்கொள்வார்’ என்று தமிழிலேயே குறிப்பு எழுதியிருக்கிறானாம். சீனியர் படித்துவிட்டு அவனைக் கூப்பிட்டார். திட்டத்தான் என்று போனால், “கன்னடத்துலயும் இந்த மாதிரி வருதுப்பா, கொஞ்சம் பாக்கறியா?” என்றாராம்.

* * *

கடைசியாக ஒரு புதிர். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பிஎச்பியின் ‘ஸ்டர்லென்’னைக் கேட்டால் 15 என்கிறது. ‘எம்பி ஸ்டர்லென்’ 5 என்கிறது. ‘கிராஃபீம் ஸ்டர்லென்’ 3 என்கிறது. மூன்றுமே அவரவர் கணக்கில் சரி. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள், விரல் விட்டு 3 என்று சொல்லிவிடும். அதே விடையைச் சொல்ல பிஎச்பிக்குத் தனியாக ஓர் எக்ஸ்டென்ஷன் போட வேண்டியிருக்கிறது.