காவலர் மீதான புகாரைக் காவல்துறை விசாரிக்கக் கூடாது: எங்கள் நிலைப்பாடு

விசாரணைக்கு அழைத்துப் போகப்பட்டவர் மறுநாள் கையில் மாவுக்கட்டுடன் நிற்பார். கழிவறையில் வழுக்கி விழுந்தார் என்பார்கள். தமிழ்நாட்டுக் காவல் நிலையக் கழிவறைகள் மட்டும் ஏன் இப்படி வழுக்குகின்றன என்று பொதுப்பணித் துறையை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வீட்டார் எஸ்.பி. அலுவலகத்தில் மனுக் கொடுத்தால், அது 'தக்க நடவடிக்கைக்காக' டி.எஸ்.பி.க்குப் போகும். அங்கிருந்து பல நேரங்களில் அதே நிலையத்துக்கே வந்து சேரும். மனுவில் பெயர் இருப்பவரோடு தினமும் பணியாற்றுகிறவர்தான் போன் போட்டு வரச் சொல்வார். "எதுக்கு இதைப் பெருசு பண்றீங்க, எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்பார். மனு முடிந்தது.

புகாரை விசாரிப்பவர் காவல்துறைக்கு வெளியே இருக்க வேண்டும், இழப்பீட்டு வழக்கு ஏழைக்கும் எட்ட வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

முதல் கோரிக்கை புதிதல்ல. பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் மாநில, மாவட்டப் புகார் ஆணையங்கள் அமைக்கச் சொன்னது. தமிழ்நாடு 2013இல் காவல்துறைச் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி.யும் ஏ.டி.ஜி.பி.யும் உறுப்பினர்கள். மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். எந்த அலுவலகத்தின் மீது நம்பிக்கையில்லாமல் மக்கள் ஆணையத்தைத் தேடுகிறார்களோ, அந்த அலுவலகமே அங்கும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. சட்டத்தின் இந்தப் பிரிவுகள் திருத்தப்பட வேண்டும்.

வெளியாள் விசாரித்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சாத்தான்குளமே சாட்சி. 2020 ஜூனில் அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் இறந்தபின், மதுரை உயர் நீதிமன்றக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவரையே நிலையத்தில் அவமதித்தார்கள். அதன்பின் அந்தக் காவல் நிலையமே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டுக்கு மாற்றப்பட்டது. தந்தையும் மகனும் நிலையத்தில் இருந்த இரவு நடந்ததை நடுவரிடம் சொன்னவர் அங்கேயே பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர். துறை விசாரணையாக மட்டும் இருந்திருந்தால் அவர் யாரை நம்பி வாய் திறந்திருப்பார்? கண்டிப்பான விசாரணை காவலர்களின் மனஉறுதியைக் குலைக்கும் என்று வாதிடுவோர், அவரைப் போன்ற காவலர்களின் மனஉறுதியையும் கணக்கில் எடுக்கட்டும்.

இனி இழப்பீடு. 1947இல் மீரட்டில் ஒரு நகை வியாபாரியிடமிருந்து போலீசார் பறிமுதல் செய்த தங்கத்தை ஒரு தலைமைக் காவலர் எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். 1964இல் கஸ்தூரிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம், கைதும் பறிமுதலும் அரசின் இறையாண்மைப் பணி, எனவே அரசு பொறுப்பல்ல என்றது. கூடவே, இதற்கு ஒரு சட்டம் இயற்றுங்கள் என்றும் சொன்னது. அந்தச் சட்டம் இன்றுவரை வரவில்லை. 1993இல் நீலபதி பெஹரா வழக்கில் காவல் மரணத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வழங்கி, அடிப்படை உரிமை மீறலில் அந்த விலக்கு செல்லாது என்று நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் அது ரிட் மனுவின் வழி. எவ்வளவு என்பது நீதிபதியின் மனத்தைப் பொறுத்தது.

உரிமையியல் வழக்குக்குப் போனால் அரசுக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு, சட்டவிரோத அடைப்புக்கு ஓராண்டுக் காலவரம்பு, கேட்கும் தொகைக்கேற்ற நீதிமன்றக் கட்டணம். கூலி வேலைக்குப் போகும் கை உடைந்து வீட்டிலிருப்பவர் இத்தனையும் செய்ய வேண்டும்.

ஆகவே காவலில் ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும் இழப்பீட்டுச் சட்டம் தேவை. அரசு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, குற்றம் உறுதியானதும் அதிகாரியின் சம்பளத்தில் பிடிக்கட்டும். இந்த வழக்குகளுக்கு நீதிமன்றக் கட்டணம் கூடாது. காவலில் இருந்தபோது ஏற்பட்ட காயத்துக்குக் காவலர்தான் கணக்குச் சொல்ல வேண்டும் என்று சட்ட ஆணையம் 1985லேயே பரிந்துரைத்தது. புதிய சாட்சியச் சட்டத்திலும் அதைச் சேர்க்கவில்லை.

இவற்றுக்கு நாளாகலாம். மனுவை அதே உட்கோட்டத்துக்குத் திருப்பி அனுப்பாமல் இருக்க மட்டும் எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம். உள்துறை இந்த மாதமே ஆணை போடலாம்.