கறுப்புத் தோல் கவசம் அல்ல

"நம்ம தோலுக்கெல்லாம் புற்றுநோய் வராது, அது வெள்ளைக்காரன் வியாதி." கோடை வந்தால் தூத்துக்குடியில் இந்தப் பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. உப்பளத் தொழிலாளிக்குப் பாதுகாப்புக் கேட்டால் படித்தவர்களே இதைப் பதிலாகச் சொல்வது எரிச்சலூட்டுகிறது. அப்படியானால் ஜமைக்கா பாடகர் பாப் மார்லி எப்படி இறந்தார்? 1977இல் அவருடைய கால் பெருவிரல் நகத்தடியில் மெலனோமா என்ற தோல் புற்று கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன் அதைப் பந்தாட்டத்தில் பட்ட அடி என்றே நினைத்திருந்தார்கள். 1981இல், 36 வயதில், புற்று மூளைவரை பரவி அவர் மாண்டார். அவர் தந்தை வெள்ளையர்தானே என்பார்கள். புற்று முளைத்தது வெயிலே படாத நகத்தடியில்! அங்கே தந்தையின் நிறம் என்ன செய்தது?

மெலனின் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பது உண்மை. ஆனால் அந்த மெலனினைத் தயாரிக்கும் செல்லே தறிகெட்டுப் பெருகுவதுதான் மெலனோமா. நிறத்தை உண்டாக்கும் செல்லே கெட்டபின் நிறம் எப்படிக் காக்கும்? கறுத்தவர்களுக்கு இது பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் வருகிறது. அதற்கு வெயில் தேவையில்லை. முதலில் மேல்தோலில் பக்கவாட்டில் படரும். பிறகு கீழே இறங்கி, நிணநீர் நாளங்கள் வழியே தொடை இடுக்கில் நெறிகட்டும். அங்கிருந்து நுரையீரல், ஈரல், மூளை. ஒரு மில்லிமீட்டர் ஆழத்தைத் தாண்டுமுன் வெட்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பார்கள். கால் ஆணி என்று பிளேடால் சீவிக்கொண்டே இருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும். மெலனோமாவோடு கதை முடிவதுமில்லை: வருடக்கணக்கில் ஆறாத புண்ணிலும் தழும்பிலும் வேறுவகைத் தோல் புற்று வரும். பாத்தியில் உப்பு வாருகிறவர்களின் வெடித்த கால்களை இதை மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

"அபூர்வமாகத்தானே வருகிறது?" ஆம், அபூர்வம்தான். அதனாலேயே யாரும் தேடுவதில்லை. தேடாததால் முற்றியபின் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். மார்லியின் நகத்தையும் முதலில் யாரும் சந்தேகிக்கவில்லை. இந்த அலட்சியத்தில் நிறத்தைப் பற்றிய இரட்டை வேடமும் சேர்ந்திருக்கிறது. சிவப்பழகு கிரீம் விற்பவர்கள் 2020இல் கிரீமின் பெயரை மாற்றினார்கள். கறுப்பை இழிவாகப் பார்க்கும் பார்வை மாறவில்லை. கல்யாணச் சந்தையில் குறையாகும் கறுப்பு, கம்பூட்டும் கையுறையும் கேட்கும்போது மட்டும் கவசமாகிவிடுவது அநியாயம். உப்பளங்களில் மருத்துவ முகாம் போடுகிறவர்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பதோடு, செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலையும் நகங்களையும் பார்க்கட்டும். அதற்குச் செலவே கிடையாது.