சைபர்பங்க் 2077: தோத்துப்போன கேம் ஜெயிச்ச கதை... ஆனா, முதல்ல காசு கொடுத்தவங்களுக்கு என்ன கிடைச்சது?

யூடியூபில் கேமிங் சேனல்கள் பக்கம் ஒதுங்கினால், 'சைபர்பங்க்கை இப்போ மறுபடியும் விளையாடிப் பாருங்க, வேற லெவல்' என்ற ரீதியில் ஒரு வீடியோவாவது கண்ணில் படும். 2020 டிசம்பரில் இதே கேமை வைத்துத்தான் மீம் கிரியேட்டர்கள் பல வாரம் பொழப்பு ஓட்டினார்கள். இன்று அது 3.5 கோடி காப்பிகளுக்கு மேல் விற்ற சூப்பர் ஹிட். 2025 ஜூனில் நின்டெண்டோ ஸ்விட்ச் 2 வெளியான அன்றே அதிலும் வந்தது. அடுத்த மாதமே மேக் கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது.

ஃப்ளாப் ஆன படம் ஓ.டி.டி-யில் கொண்டாடப்படுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால், அங்கே படம் மாறாது, பார்க்கிறவர்கள்தான் மாறுவார்கள். இங்கே கேமே மாறிவிட்டது. அப்படியென்றால் இதற்கு இரண்டாவது வாய்ப்பு கொடுக்கலாமா? ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து ரூமுக்கு வந்து கன்ட்ரோலரைக் கையில் எடுக்கும் ஒருவருக்கு இந்தக் கேள்வியில் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. அந்த வாய்ப்புக்கு யார் காசு கொடுப்பது?

அன்னிக்கு என்னதான் நடந்தது?

போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் ரெட், 'விட்சர் 3' (2015) என்ற ஒரே கேமால் உலகம் முழுக்க நல்ல பெயர் எடுத்த நிறுவனம். சைபர்பங்க்கை 2012-லேயே அறிவித்துவிட்டார்கள். 2019-ல் கியானு ரீவ்ஸை மேடையேற்றி ஹைப்பை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். 2020 ஏப்ரலில் வரவேண்டியது செப்டம்பர், நவம்பர் என்று மூன்று முறை தள்ளிப்போய், கடைசியில் டிசம்பர் 10 அன்று வெளியானது.

அதற்கு முன்பே 80 லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தார்கள். அந்த முன்பதிவிலிருந்து வரவேண்டிய தொகையே, கேமைத் தயாரிக்க ஆன செலவையும் அந்த வருட விளம்பரச் செலவையும் தாண்டிவிட்டதாக நிறுவனமே சொன்னது. அதாவது, ஒருத்தர்கூட கேமை முழுசாக விளையாடிப் பார்க்கும் முன்பே போட்ட பணம் திரும்பிவிட்டது.

விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்டது பிசி வெர்ஷன் மட்டும்தான். பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் கேம் எப்படி ஓடுகிறது என்று வெளியாகும் நாள் வரை யாருக்கும் தெரியாது. வெளியானதும் தெரிந்தது. படம் சிக்கிச் சிக்கி ஓடியது, மனிதர்கள் முகமே இல்லாமல் நடந்தார்கள், பாதியில் கேம் கிராஷ் ஆனது. ஒரே வாரத்தில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. சோனி தன் டிஜிட்டல் ஸ்டோரிலிருந்தே கேமைத் தூக்கியது. ஆறு மாதம் கழித்து, 2021 ஜூன் 21-ல்தான் திரும்பச் சேர்த்தது. அப்போதும் சாதாரண பிஎஸ்4-ல் பிரச்னை வரலாம் என்ற எச்சரிக்கையோடுதான்.

நம்ம ஊர் விஷயம் ஒன்று இங்கே முக்கியம். இந்தியாவில் பிஎஸ்5 அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்தது 2021 பிப்ரவரி 2-ல். சைபர்பங்க் வெளியான அன்று இங்கே கடையில் போய் பிஎஸ்5 வாங்கவே முடியாது. ப்ளேஸ்டேஷன் வைத்திருந்த இந்தியர்களில் பெரும்பாலானவர்கள், இருப்பதிலேயே மோசமான வெர்ஷனைத்தான் காசு கொடுத்து வாங்கினார்கள்.

எழுந்து வந்தது எப்படி?

கைவிட்டுவிட்டு அடுத்த கேமுக்குப் போயிருக்கலாம். அவர்கள் போகவில்லை, அதைப் பாராட்டத்தான் வேண்டும். 2022 பிப்ரவரியில் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கான 1.5 அப்டேட் வந்தது. அந்த செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸில் 'எட்ஜ்ரன்னர்ஸ்' அனிமே வந்து, கேமை மறந்துபோனவர்களையும் நைட் சிட்டிக்குத் திருப்பி அழைத்து வந்தது. 2023 செப்டம்பர் 21-ல் வந்த 2.0 அப்டேட்தான் உண்மையான திருப்பம். போலீஸ் துரத்தும் விதம், திறமைகளை வளர்க்கும் முறை, உடலில் பொருத்தும் கருவிகள் என அடிப்படையே மாற்றி எழுதப்பட்டது. அஞ்சு நாள் கழித்து இட்ரிஸ் எல்பா நடித்த 'ஃபேன்டம் லிபர்ட்டி' வெளியானது. அந்த வருட கேம் அவார்ட்ஸில், தொடர்ந்து மேம்படுத்தப்பட்ட சிறந்த கேமுக்கான விருதையும் வாங்கியது.

2018 ட்ரெய்லரில் ஹீரோ மெட்ரோ ரயிலில் போவது போலக் காட்டினார்கள். கேமில் அந்த மெட்ரோவில் ஏறி உட்கார முடிந்தது 2023 டிசம்பரில். ஓசூர்க்காரர்களுக்கு இந்தக் காத்திருப்பு புதுசில்லை. பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் லைன் பொம்மசந்திரா வரை 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது, அங்கிருந்து ஓசூருக்கு நீட்டிப்பது இன்னமும் பேச்சில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது!

இப்போ விளையாடினா எப்படி இருக்கு?

நேர்மையாகச் சொன்னால், நல்லா இருக்கு. பக் தொல்லை போனபிறகுதான் உள்ளே என்ன இருந்தது என்பதே தெளிவாகத் தெரிகிறது. நைட் சிட்டி என்பது கம்பெனிகள் ஆளும் ஊர். அரசாங்கம் என்று ஒன்று பேருக்கு இருக்கும். யார் எங்கே வாழ்வது, யாருக்கு என்ன வைத்தியம் என்பதையெல்லாம் அரசாகா மாதிரியான கம்பெனிகள்தான் முடிவு செய்யும். நீங்கள் 'வீ' என்ற கூலிப்படை ஆள். கதை ஆரம்பிக்கும்போதே கண்ணை மாற்றிக்கொள்ள டாக்டரிடம் 21,000 கடன் வைப்பீர்கள். போன் முதல் பைக் வரை இ.எம்.ஐ-யில் ஓடும் வாழ்க்கையிலிருந்து வருகிறவர்களுக்கு, அந்தக் கடனை அடைக்கும் காட்சி ஒரு சின்ன நிம்மதியைத் தரும்.

வானத்தைத் தொடும் கம்பெனிக் கட்டடங்கள், அதன் அடியில் புறாக்கூடு வீடுகள், எங்கிருந்தோ பிழைக்க வந்து அந்த ஊர் மொழியைப் பழகிக்கொள்ளும் மனிதர்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என்று ஒரே டீக்கடையில் நான்கு மொழி கேட்கும் ஊரிலிருந்து விளையாடும்போது இதெல்லாம் ரொம்பத் தூரத்து எதிர்காலமாகத் தெரியாது. பனாம், ஜூடி போன்ற பாத்திரங்களோடு வரும் கிளைக்கதைகள் 2020-லேயே நன்றாகத்தான் இருந்தன. அன்றைக்கு அந்தக் கிராஷ்களைத் தாண்டி அங்கே போய்ச் சேர முடியவில்லை, அவ்வளவுதான்.

குறையே இல்லையா? இருக்கு. ஆரம்பத்தில் நாடோடியா, தெருப் பிள்ளையா, கம்பெனி ஆளா என்று தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ரோல்ப்ளேயிங் கேம் ஆச்சே, கதையே மாறும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். தொடக்கக் காட்சியும் சில வசனங்களும் மாறும், பெரிய பாதை ஒன்றேதான். மூளையில் சிப் சிக்கி சாவு நெருங்கிக்கொண்டிருக்கிறது என்று கதை அவசரப்படுத்தும், நீங்களோ ஊரெல்லாம் கார் ரேஸ் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். இதை எந்த அப்டேட்டும் சரி செய்யவில்லை.

மன்னிப்பு யாருக்கு, மருந்து யாருக்கு?

'கம்பேக்' வீடியோக்கள் அவசரமாகத் தாண்டிப் போகும் இடம் இது. 2.0 அப்டேட் பிஎஸ்4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் வரவே இல்லை. ஃபேன்டம் லிபர்ட்டியும் இல்லை. அவர்களுக்குப் பெரிய அப்டேட் 1.6-ஓடு நின்றுவிட்டது. யார் மிக மோசமான வெர்ஷனைக் காசு கொடுத்து வாங்கினார்களோ, அவர்களுக்குத்தான் சரியான வெர்ஷன் கிடைக்கவில்லை. பிஎஸ்4 டிஸ்க் வைத்திருந்தால் பிஎஸ்5 வெர்ஷன் இலவசம். ஆனால், பிஎஸ்5 இலவசமில்லையே! இந்தியாவில் டிஸ்க் டிரைவோடு அது அறிமுகமான விலையே 49,990 ரூபாய்.

பிசி-யிலும் இதே கதைதான். 2023-ல் கேமுக்குத் தேவையான குறைந்தபட்சத் தகுதியை உயர்த்தினார்கள். பழைய ஹார்டு டிஸ்க் போதாது, எஸ்எஸ்டி வேண்டும். கிராபிக்ஸ் கார்டு குறைந்தது ஜிடிஎக்ஸ் 1060. பழைய மெஷினில் 2020-ல் எப்படியோ ஓட்டியவர், அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய் செகண்ட் ஹேண்ட் கார்டு தேட வேண்டும்.

தொழில்நுட்ப ரீதியில் நிறுவனத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. 2013-ல் வந்த கன்சோல், இவ்வளவு பெரிய நகரத்தைத் தாங்காது. கேள்வி வேறு. தாங்காது என்றால், 2020-ல் அதற்கு ஏன் விற்றார்கள்?

பணம் எங்கே போனது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். நிறுவனம் நேரடியாக நடத்திய ரீஃபண்ட் திட்டத்தில் பணம் திரும்பியது சுமார் 30,000 காப்பிகளுக்கு. சோனி, மைக்ரோசாஃப்ட் கொடுத்தது தனி. 2020 டிசம்பர் 20 வரை விற்றதோ, ரீஃபண்ட் கழித்தும், 1.3 கோடிக்கு மேல். அமெரிக்காவில் முதலீட்டாளர்கள் போட்ட வழக்கு 18.5 லட்சம் டாலரில் சமரசமானது. பங்கு வாங்கியவர்களுக்கு ஒரு தீர்வு கிடைத்தது. பிஎஸ்4-ல் கேம் வாங்கியவர்களில் பெரும்பாலானவர்களிடம் மிச்சமிருப்பது டிஸ்க்கும் மீம்ஸும்தான்.

ஸ்கூட்டருக்கும் அப்டேட்!

'முதல்ல வித்துடுவோம், அப்புறம் சரி பண்ணிக்கலாம்' என்ற பழக்கம் கேமோடு நிற்கவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் தயாராகும் ஓலா எஸ்1 ஸ்கூட்டர் 2021 ஆகஸ்ட் 15-ல் அறிமுகமாகி, டிசம்பரில் டெலிவரி தொடங்கியது. அறிமுகத்தில் சொன்ன க்ரூஸ் கன்ட்ரோல், நேவிகேஷன் போன்ற வசதிகள் வண்டி கைக்கு வந்தபோது வேலை செய்யவில்லை. 2022 ஜூனில் 'மூவ்ஓஎஸ் 2' அப்டேட்டில்தான் வந்தன. வந்தது நல்லதுதான். ஆனால், இடைப்பட்ட மாதங்களில் வாங்கியவர் கொடுத்தது முழு விலை.

நம்மைச் சுற்றியிருக்கும் தொழிற்சாலைகளில் லைனில் நிற்கிறவர்களுக்கு 'குவாலிட்டி செக்' என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். தேறாத பீஸ் கேட்டைத் தாண்டாது. சாஃப்ட்வேருக்கு மட்டும் அந்த கேட் திறந்தே கிடக்கிறது. செக் பண்ணும் வேலை வாங்குகிறவர் தலையில் விழுகிறது, அதற்குச் சம்பளமும் கிடையாது.

எல்லா கேமும் எழுந்து வராது

அப்டேட் வரும் என்று நம்பிக் காத்திருக்கலாமா? 'ஃபைனல் ஃபேன்டஸி 14' 2010-ல் வந்து படுதோல்வி அடைந்தது. சர்வரையே மூடிவிட்டு, 2013-ல் புதுசாகக் கட்டி வெற்றி பெற்றார்கள். இன்னொரு பக்கம் 'ஆந்தம்'. பயோவேர் 2019-ல் வெளியிட்டது. சரி செய்கிறோம் என்று ஆரம்பித்த வேலையை 2021-ல் ரத்து செய்தார்கள். 2026 ஜனவரி 12-ல் சர்வரும் மூடப்பட்டது. ஆன்லைன் இல்லாமல் ஓடாத கேம் என்பதால், காசு கொடுத்து வாங்கியவர்களாலும் இனி ஆட முடியாது. இப்படி மூடப்படுவதற்கு எதிராக ஐரோப்பாவில் நடந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' பிரசாரத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

இங்கே கேமிங் பற்றிய அரசியல் பேச்சு முழுக்க ரம்மி, பெட்டிங் பக்கமே இருக்கிறது. 2025-ல் வந்த மத்திய அரசின் ஆன்லைன் கேமிங் சட்டத்தின் குறியும் பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள்தான். அது அவசியமான பேச்சு, சந்தேகமில்லை. ஆனால், விலை கொடுத்து ஒரு கேம் வாங்கி, அது ஓடவில்லை என்கிறவரும் ஒரு நுகர்வோர்தான். அவரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

சரி, வாங்கலாமா?

பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், ஓரளவு நல்ல பிசி இருந்தால் தாராளமாக வாங்கலாம். பிசி-யில் முழு விலை 2,999 ரூபாய். ஸ்டீம் தள்ளுபடிக் காலங்களில் பாதிக்கும் கீழே இறங்கும், அதுவரை பொறுங்கள். டவுன்லோடுக்கு 70 ஜிபி வரை தேவைப்படும். தினம் 2 ஜிபி மொபைல் பேக்கை நம்பினால் 35 நாள் ஆகும், வைஃபை இருக்கும் நண்பரைப் பிடியுங்கள். பிஎஸ்4 மட்டும்தான் இருக்கிறது என்றால், யார் எவ்வளவு புகழ்ந்தாலும் வாங்காதீர்கள். அவர்கள் புகழ்வது உங்களுக்குக் கிடைக்காத கேமை.

எந்தக் கேம் வாங்கினாலும், ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ரீஃபண்ட் கேட்கலாம். அந்த முதல் 2 மணி நேரத்தைக் கேரக்டருக்கு முடி அலங்காரம் செய்தே தீர்த்துவிடாதீர்கள். ப்ளேஸ்டேஷன் ஸ்டோரில் டவுன்லோடு ஆரம்பித்துவிட்டால், கேமில் கோளாறு இருந்தால் ஒழிய, பணம் திரும்புவது கஷ்டம். புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

முக்கியமானது கடைசியில். இதே நிறுவனம் 'விட்சர் 4'-ஐ 2024 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. ட்ரெய்லர் கண்டிப்பாக மிரட்டும், முன்பதிவு பட்டனும் ஒருநாள் வரும். அன்றைக்கு உங்கள் கன்சோலில் அது எப்படி ஓடுகிறது என்று யாராவது ஆடிக் காட்டும் வரை கார்டை வெளியே எடுக்காதீர்கள். நாலு நாள் தள்ளி வாங்கினால் கதை ஒன்றும் ஓடிப்போகாது பாஸ்!