கோட்டுக்கு முன்னால் உயர்ந்த கைகள்

2023 அக்டோபர் 2. சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றுக்கொண்டிருந்தன. ஆடவருக்கான 3,000 மீட்டர் ரோலர் ஸ்கேட்டிங் தொடரோட்டத்தில் தென்கொரிய அணி முன்னிலையில் இருந்தது. அவ்வணியின் கடைசி வீரர் ஜுங் சோல்-வொன். எல்லைக்கோடு கண்ணெதிரே வந்துவிட்டது. வெற்றி தமதே என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை. குனிந்திருந்த உடலை நிமிர்த்தினார், கைகளை உயர்த்தினார். அவருக்குப் பின்னால் வந்த தைவான் வீரர் ஹுவாங் யூ-லின் நிமிரவில்லை. இடக்காலை இயன்றவரை முன்னே நீட்டினார்.

கொரிய அணியினர் மகிழ்ச்சியில் திளைத்துக்கொண்டிருந்தபோது பலகையில் நேரங்கள் தோன்றின. தைவான் 4 நிமிடம் 5.692 வினாடி. கொரியா 4 நிமிடம் 5.702 வினாடி. நூறில் ஒரு பங்கு வினாடி, தங்கத்தை வெள்ளியாக்கிவிட்டது. அதே போட்டியில் வெண்கலம் வென்றது இந்திய அணி. அதில் சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமாரும் ஒருவர். ஆகவே அந்தத் தங்கம் கைமாறியதை மிக அருகிலிருந்து கண்டவர்களில் ஒரு தமிழரும் உண்டு.

பதக்கத்தின் நிறம் மாறியதோடு இழப்பு முடிந்துவிடவில்லை. தென்கொரியாவில் உடல்தகுதியுள்ள இளைஞர்கள் அனைவரும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கட்டாய இராணுவப் பணி ஆற்ற வேண்டும். ஒலிம்பிக்கில் ஏதேனும் ஒரு பதக்கமோ ஆசியப் போட்டியில் தங்கமோ வென்றவர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. விளையாட்டு வீரரின் வாழ்வில் ஒன்றரை ஆண்டு என்பது எத்தகைய காலம் என்பதை நாம் அறிவோம். ஜுங் அதை இழந்தார். அவரோடு சேர்ந்து ஓடிய சோய் இன்-ஹோவும் அதை இழந்தார். கையை உயர்த்தியவர் ஒருவர். விலை கொடுத்தவர்களில், தம் பங்கைக் குறைவின்றி ஓடி முடித்த இன்னொருவரும் இருந்தார். தம் அணியினரிடமும் நாட்டு மக்களிடமும் ஜுங் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார்.

அந்தக் காட்சி உலகெங்கும் கைப்பேசிகளில் சுற்றியது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். ‘ஆணவம் அழிவைத் தரும்’ என்ற வரியோடு நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் அத்தகைய காணொளிகள் வலம் வருவதைக் காண்கிறோம். பெருமையடிப்போருக்கு இறைவன் கொடுத்த அடி என்று சிலர் தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடானதல்ல. ஓர் இளைஞனின் உள்ளத்தில் பெருமை இருந்ததா என்பதை ஒரு நிமிடக் காணொளியிலிருந்து நாம் எப்படி அறிவோம்? உள்ளத்தைப் பார்ப்பவன் வேறொருவன். தவிரவும், அது ஆணவத்தின் பாடம் மட்டுமே என்றால், அடுத்து நடந்ததை விளக்க இயலாது.

ஹாங்சோவில் வென்ற அதே ஹுவாங் யூ-லின், அதே அக்டோபர் மாதத்திலேயே, தைவானின் தேசிய விளையாட்டுப் போட்டியில் 1,000 மீட்டர் இறுதிப் போட்டியில் கலந்துகொண்டார். முன்னிலையில் வந்தார். கோட்டுக்குச் சற்று முன்பாகக் கையை உயர்த்திக் கொண்டாடத் தொடங்கினார். பின்னால் வந்தவர், ஹாங்சோவில் அவரோடு ஒரே அணியில் ஓடியவர், காலை நீட்டி அவரை 0.03 வினாடியில் முந்திவிட்டார்.

கொரியர்கள் கொண்டாடிக்கொண்டிருந்த வேளையிலும் தாம் போராடிக்கொண்டிருந்ததாகச் சில வாரங்களுக்கு முன் செய்தியாளர்களிடம் பெருமிதத்தோடு சொன்னவர் அவர். இப்பிழையின் விலை என்ன என்பதை அவரைவிட நன்கறிந்தவர் அன்று பூமியில் எவர் இருந்திருக்க முடியும்? அப்படியிருந்தும் வீழ்ந்தார்.

சைக்கிள் பந்தய உலகிலும் இதற்கு ஒப்பான நிகழ்வு உண்டு. பெல்ஜியத்தின் பழம்பெரும் பந்தயமான லியேஜ்–பஸ்தோன்–லியேஜ், கொரோனா காரணமாக 2020இல் அக்டோபர் 4 அன்று நடந்தது. பிரான்சின் ஜூலியன் அலாஃபிலிப் அதற்கு ஒரு வாரம் முன்னர்தான் உலகச் சாம்பியன் ஆகியிருந்தார். 250 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்து, கோட்டுக்கு முன்னால் கைப்பிடியை விட்டுக் கைகளை விரித்தார். பக்கவாட்டில் வந்த ஸ்லோவேனியாவின் பிரிமோஷ் ரோக்லிச், தம் சைக்கிளை முன்னே தள்ளி வென்றார். (இடையில் பாதை விலகிப் பிறருக்கு இடையூறு செய்ததற்காக அலாஃபிலிப் பின்னர் ஐந்தாம் இடத்துக்கும் இறக்கப்பட்டார், எனவே கைகளை உயர்த்தாதிருந்தாலும் வெற்றி நிலைத்திருக்குமா என்பது வேறு கேள்வி.) ரோக்லிச் இரண்டு வாரங்களுக்கு முன்புதான் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் பல நாட்கள் மஞ்சள் சட்டையோடு முன்னணியில் இருந்து, முடிவுக்கு முந்தைய நாளில் அதை இழந்தவர். முடிந்ததுபோல் தோன்றுவது முடியாதிருக்கலாம் என்பதைத் தம் உடலாலேயே கற்றவர்.

மூன்று நாட்கள் கழித்து அலாஃபிலிப் வேறொரு பெல்ஜியப் பந்தயத்தில் ஓட்டினார். அங்கும் கோட்டுக்கு முன்பே கைகளை உயர்த்தினார்! இம்முறை மயிரிழையில் தப்பி வென்றுவிட்டார். அவமானம் ஆறுவதற்கு மூன்று நாட்கள் போதாது. மறப்பதற்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

இதன் இயக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் தெளிவு பிறக்கும். சைக்கிளில் முன்சக்கரத்தின் விளிம்பு கோட்டைத் தொடும் கணமே கணக்கு. அந்தக் கடைசிக் கணத்தில் கைகளை நீட்டி, உடலைப் பின்னுக்குத் தள்ளி, சைக்கிளை முன்னே எறிவது போன்ற ஓர் அசைவு உண்டு. கைப்பிடியை விட்டவரால் அதைச் செய்ய இயலாது. ஸ்கேட்டிங்கிலும் அவ்வாறே, நிமிர்ந்து நிற்பவரால் காலை நீட்ட முடியாது. ஆக, கையை உயர்த்தியவர் வேகத்தைச் சற்று இழந்தார் என்பதோடு நின்றுவிடுவதில்லை. கடைசியாகச் செய்யவேண்டிய வேலை ஒன்று மிச்சமிருந்தது. அதை அவர் செய்யவேயில்லை. 2024 ஜூனில் ரோம் நகரில் நடந்த ஐரோப்பிய தடகளப் போட்டியில், 20 கிலோமீட்டர் நடைப் போட்டியின் வெண்கலத்தை ஸ்பெயின் வீராங்கனை லாரா கார்சியா-காரோ இப்படித்தான் இழந்தார். நாட்டுக்கொடியைத் தோளில் போர்த்தியபடி, புன்னகையோடு கோட்டை நெருங்கியவரை உக்ரைன் வீராங்கனை ஒருவர் கடைசி அடிகளில் கடந்துசென்றார். இருவருக்கும் ஒரே நேரமே பதிவாயிற்று.

மனித மனம் முடிவைக் கண்ணால் கண்டதும், அதை அடைந்துவிட்டதாகவே கணக்கெழுதிக்கொள்கிறது. உடல் அந்தக் கணக்கை நம்பித் தளர்கிறது. இதில் ஆணவமும் கலந்திருக்கலாம். ஆனால் ஆணவமில்லாத நல்லவர்களும் இங்கே சறுக்குகிறார்கள். அறிவுரையோ அனுபவமோ மட்டும் இதற்கு மருந்தாவதில்லை என்பதற்கு ஹுவாங்கும் அலாஃபிலிப்பும் சாட்சி. ஓட்டப் பயிற்சியாளர்கள் இதை அறிந்துதான், ‘கோடு வரை ஓடு’ என்று சொல்வதில்லை. கோட்டைத் தாண்டிச் சில மீட்டர் தொலைவில் ஓர் இடத்தைக் காட்டி, அதுவரை ஓடச் சொல்வார்கள்.

இவ்விடத்தில் உஹத் களம் நினைவுக்கு வராத முஸ்லிம் இருக்கமாட்டார். ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு. அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்களின் தலைமையில் ஐம்பது வில்வீரர்களை ஒரு குன்றின்மீது நிறுத்திய நபி (ஸல்) அவர்கள், நாம் வென்றாலும் தோற்றாலும் அழைப்பு வரும்வரை அவ்விடத்தைவிட்டு அசையக்கூடாது என்ற கருத்தில் ஆணையிட்டிருந்தார்கள். இதைவிடத் தெளிவான கட்டளை இருக்க முடியாது. தொடக்கத்தில் குறைஷியர் பின்வாங்கினர். வெற்றி கண்ணெதிரே தெரிந்தது. போர் முடிந்துவிட்டதென எண்ணி, வில்வீரர்களில் பெரும்பாலோர் போர்ப்பொருட்களைச் சேகரிக்க இறங்கினர். தலைவரும் மிகச் சிலரும் மட்டுமே குன்றில் எஞ்சினர். அப்போது எதிரணியில் இருந்த காலித் பின் வலீத் அந்த இடைவெளியைக் கண்டுகொண்டார். குதிரைப்படை பின்புறமாகச் சுற்றி வந்தது. அன்று எழுபது பேர் ஷஹீதானார்கள். நபி (ஸல்) அவர்களே காயமுற்றார்கள்.

குன்றிலிருந்து இறங்கியவர்கள் யார்? ஈமானில் நம்மோடு ஒப்பிடவே முடியாத ஸஹாபாக்கள். விளையாட்டுத் திடலையும் உஹதையும் ஒரே தட்டில் வைப்பது என் நோக்கமன்று. அத்தகையோருக்கே அந்தச் சறுக்கல் நேர்ந்தது என்றால், நாம் நம்மைப் பற்றி எவ்வளவு நிச்சயமாக இருக்க முடியும் என்பதே கேள்வி.

உஹதைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுகிறோம். திருக்குர்ஆனின் ஆல இம்ரான் அத்தியாயமோ மேலே செல்கிறது. அவர்களை அல்லாஹ் மன்னித்துவிட்டதை அறிவிக்கிறது. அவர்களிடம் மென்மையாக நடந்துகொண்டதைச் சொல்லி, அவர்களைப் பொறுத்தருளுமாறும், காரியங்களில் அவர்களோடு தொடர்ந்து ஆலோசிக்குமாறும் நபிக்கு வழிகாட்டுகிறது. எழுபது ஜனாஸாக்களின் துயரம் ஆறுவதற்குள் வந்த வழிகாட்டல் இது. தவறியவர்கள் சபையிலிருந்து விலக்கப்படவில்லை.

நம் வீடுகளில் நிலைமை என்ன? ஏழு பருவத் தேர்வுகளை நன்றாக எழுதிவிட்டு, வளைகுடாவுக்கு விசா வந்த மகிழ்ச்சியில் கடைசி ஒரு பாடத்தைக் கோட்டைவிட்ட மகன் எத்தனை குடும்பங்களில் இருக்கிறான். பட்டம் கைக்கு வராத அந்த ஒரு ‘அரியர்’ பத்தாண்டுகள் கழித்தும் விருந்துக்கு வந்தவர்கள் முன்னிலையில் பேசப்படுகிறது. குடும்ப விஷயங்களில் அவன் வாய் திறந்தால், ‘நீ முதலில் அந்தப் பேப்பரை முடி’ என்று வாயடைக்கப்படுகிறது. இத்தனைக்கும், முடிவு வருவதற்கு முன்பே ‘எங்கள் பிள்ளை பொறியாளர்’ என்று ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தவர்கள் பெற்றோர்களே.

அமெரிக்காவின் லின்ட்சி ஜாகோபெலிஸ் 2006ஆம் ஆண்டு தூரின் குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குப் பலகைப் போட்டியில் வெகுவாக முன்னிலை பெற்றிருந்தார். முடிவுக்குச் சற்று முன்னிருந்த தாவலில், தேவையேயில்லாமல் பலகையைக் கையால் பற்றி ஒரு வித்தை காட்டினார், விழுந்தார். சுவிட்சர்லாந்தின் தான்யா ஃப்ரீடன் அவரைக் கடந்து தங்கம் வென்றார். அந்த வீழ்ச்சி ஜாகோபெலிஸின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த மூன்று ஒலிம்பிக்குகளிலும் அவருக்குப் பதக்கம் கிட்டவில்லை. 2022இல் பெய்ஜிங்கில், 36ஆம் வயதில், தனிநபர் போட்டியிலும் கலப்பு அணிப் போட்டியிலும் தங்கம் வென்றார். பதினாறு ஆண்டுகள், அவருக்குத் திடலின் வாசலை எவரும் அடைத்துவிடவில்லை.

இனி நம் மஹல்லாவுக்கு வருவோம். ரமளான் தொடக்கத்தில் தராவீஹ் தொழுகையின் ஸஃப்புகள் வாசல்வரை நீளும். பல பள்ளிவாசல்களில் 27ஆம் இரவில் குர்ஆன் ஓதி முடிக்கப்பட்டுத் ‘தமாம்’ செய்யப்படும். அன்று பள்ளி நிரம்பி வழியும். ஹாஃபிழுக்கு மரியாதை, கண்ணீர் மல்க துஆ, நார்சா எல்லாம் நடக்கும். மறுநாள் இரவு அதே பள்ளியில் இரண்டு ஸஃப்புகள் நிறைவது அரிது. மற்றவர்கள் துணிக்கடையிலும் தையற்கடையிலும் இருக்கிறார்கள். கடைசிப் பத்தில் நபி (ஸல்) அவர்கள் மற்ற நாட்களைவிட அதிகமாக வணக்கத்தில் ஈடுபட்டார்கள், குடும்பத்தாரையும் எழுப்பிவிட்டார்கள் என்பதை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பால் அறிந்தவர்களே நாம். லைலத்துல் கத்ரைத் தேடும்படி சொல்லப்பட்ட ஒற்றைப்படை இரவுகளில் 29ஆம் இரவும் ஒன்று என்பதும் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் இமாம்கள் இதை எடுத்துச் சொல்லி வருந்துகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் 28ஆம் இரவு அப்படியேதான் இருக்கிறது.

சொல்லிப் பயனில்லாதபோது, பயிற்சியாளர்கள் செய்வதைப்போல இடத்தை மாற்றி வைப்பதுதான் வழி. ஜமாஅத் நிர்வாகங்கள் தமாமை 29ஆம் இரவுக்குக் கொண்டுபோகலாம். 30ஆம் இரவு பிறையைப் பொறுத்தது. 29ஆம் இரவோ எந்த ரமளானிலும் தவறாது வருவது. எனவே ஓதல் பாதியில் நின்றுவிடுமோ என்ற அச்சத்துக்கு இடமில்லை. முப்பது ஜுஸ்உவை 27 இரவுகளில் முடிக்க நாள்தோறும் ஒரு ஜுஸ்உவுக்கு மேல் விரைந்து ஓதவேண்டியிருக்கிறது. 29 இரவுகள் கிடைத்தால் ஹாஃபிழ்களுக்கும் பின்னால் நிற்கும் முதியவர்களுக்கும் சற்று இளைப்பாறுதல் கிடைக்கும். 27ஆம் இரவின் சிறப்புக்கு இதனால் குறை வராது. அன்று வருகிறவர்கள் எப்படியும் வருவார்கள். வெளியூரிலிருந்து வரும் ஹாஃபிழ்கள் பெருநாளுக்கு முன் ஊர் போய்ச் சேரவேண்டுமே என்பதுதான் நிர்வாகிகள் சொல்லக்கூடிய உண்மையான சிரமம். அதற்கான பயண ஏற்பாட்டை ஷஅபான் மாதத்திலேயே பேசி முடித்துவிடலாம். செலவு ஒரு ரயில் டிக்கெட்.