குப்பைக்குப் போன கற்கைநெறி

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், சரசோட்டா என்ற கடலோர நகரில், 'நியூ கொலிஜ் ஒஃப் புளோரிடா' என்றொரு சிறிய அரச கல்லூரி இருக்கின்றது. 1960 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2023 இன் தொடக்கத்தில் அதன் மாணவர் தொகை ஏறத்தாழ எழுநூறு மட்டுமே. எங்களூரின் நடுத்தர மகா வித்தியாலயம் ஒன்றில்கூட அதைவிடக் கூடுதலான பிள்ளைகள் படிப்பார்கள். இந்தக் கல்லூரி வளவில் 2024 ஓகஸ்ட் மாதம் பெரிய குப்பைக் கொள்கலன் ஒன்றில் நூற்றுக்கணக்கான புத்தகங்கள் கொட்டப்பட்டுக் கிடந்தன. நூலகத்திலிருந்து கழிக்கப்பட்டவை ஒரு புறம். பால்நிலை, பன்மைத்துவ நிலையத்தின் அறையிலிருந்து வெளியேற்றப்பட்டவை இன்னொரு புறம். கையில் அகப்பட்ட சிலவற்றை மாணவர்கள் மீட்டெடுத்தார்கள்.

பழுதடைந்த நூல்களைக் கழிப்பது எல்லா நூலகங்களும் செய்கின்ற வழமையான காரியம் என்றது நிர்வாகம். அது பொய்யான விளக்கமல்ல. ஆனால் கல்லூரியின் பொறுப்பாளர் சபை உறுப்பினரான கிறிஸ்தோபர் ரூஃபோ, பால்நிலைக் கற்கைநெறியை ஒழித்துவிட்டோம், இப்போது குப்பையை எறிகின்றோம் என்ற பொருள்பட எக்ஸ் தளத்தில் எழுதினார். நிர்வாகம் பூசி மெழுகிக்கொண்டிருந்ததை அவர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டுவிட்டார்.

இதை யாழ்ப்பாண நூலகத்தோடு ஒப்பிட்டு நான் எழுதப்போவதில்லை. 1981 இல் அங்கு எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். அவற்றுள் மாற்றுப் பிரதியே இல்லாத ஏட்டுச் சுவடிகளும் இருந்தன. காணுகின்ற எல்லாவற்றிற்கும் அந்த உவமையை எடுத்துப் பூசினால் அதன் கனம் குறைந்துபோகும். சரசோட்டாவில் நடந்தது வேறு விதமானது. அங்கு யாரும் தீ வைக்கவில்லை. எல்லாமே கூட்ட அறிக்கை எழுதி, வாக்கெடுப்பு நடத்தி, முறைப்படி செய்யப்பட்டன.

2023 ஜனவரியில் ஆளுநர் ரொன் டிசான்டிஸ் அந்தச் சபைக்கு ஒரே தடவையில் ஆறு புதிய உறுப்பினர்களை நியமித்தார். அந்த மாத முடிவிலேயே தலைவர் பட்ரிசியா ஒக்கர் அகற்றப்பட்டார். அவரது இடத்திற்கு, மாநிலச் சட்டசபையின் முன்னாள் சபாநாயகர் ரிச்சர்ட் கோர்கொரன் வந்தார். அடிப்படைச் சம்பளம் 699,000 டொலர்; முன்னையவர் பெற்றதைப் போல் இரு மடங்கிற்கும் அதிகம். ஏப்ரலில் ஐந்து ஆசிரியர்களுக்கு நிரந்தர நியமனம் மறுக்கப்பட்டது. ஓகஸ்ட் 10 ஆம் திகதி பால்நிலைக் கற்கைநெறியை முடிவுறுத்தச் சபை தீர்மானித்தது. அது புலமைத்துறையல்ல, கருத்தியல் என்பது சொல்லப்பட்ட காரணம்.

2018 இல் ஹங்கேரி அரசாங்கம் இதே கற்கைநெறியை அங்கீகரிக்கப்பட்ட முதுமாணிப் படிப்புகளின் பட்டியலிலிருந்து நீக்கியபோதும் இதே காரணந்தான் கூறப்பட்டது. கூடவே, தொழிற்சந்தையில் கேள்வி இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார்கள். இந்த இரண்டாவது காரணத்தைக் கேட்டதும் எனக்குப் புடாபெஸ்ட் நினைவுக்கு வரவில்லை. ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழும் எங்கள் உறவினர்களின் வரவேற்பறைகளே நினைவுக்கு வந்தன. "உதைப் படிச்சு என்ன வேலை எடுக்கப்போறாய்?" மகள் இனத்துவக் கற்கைகள் என்றோ பால்நிலைக் கற்கைகள் என்றோ வாயெடுத்தால் வீட்டில் எழுகின்ற முதற் கேள்வி அதுதான். கணக்கியல் படித்தவனிடம் கணக்கியல் எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை.

வேலையைப் பற்றியே பேசுவோம். எனது வேலை செய்தி எழுதுவது. நான் பத்திரிகைக்கு வந்த காலத்தில் ஒரு பெண் வன்முறைக்கு உள்ளானால் 'கற்பழிப்பு' என்று தலைப்பிடுவோம். குற்றம் செய்தவன் எவனோ, அழிந்ததோ அவளுடைய கற்பு! அந்தச் சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கின்றது என்பதை எங்களுக்கு எந்த ஆசிரிய பீடமும் கற்பிக்கவில்லை. பெண்ணிலைவாதிகளும் பால்நிலை ஆய்வாளர்களும் விடாது வாதிட்டதன் பின்னரே 'பாலியல் வல்லுறவு' என்ற சொல் அச்சில் நிலைபெற்றது. 1983 ஐ 'இனக்கலவரம்' என்று எழுதுவதும் இத்தகையதே. கலவரமென்றால் இரு தரப்பு அடிபட்டதாக அர்த்தம். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தவர்களுக்கும் வீட்டுக்குள் இருந்தவர்களுக்கும் இடையில் என்ன கலவரம்? ஒரு சொல் யாருடைய பக்கத்திலிருந்து பேசுகின்றது என்று கேட்பதுதான் இந்தத் துறைகளின் அடிப்படைப் பாடம். அந்தப் பாடம் தேவையில்லாத சமூகங்கள் உலகில் இருக்கலாம். நாங்கள் அவற்றில் ஒன்றல்ல.

அமெரிக்காவிலும் இத்துறைகளை எந்த அரசாங்கமும் விரும்பி உருவாக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ அரச கல்லூரியில் 1968 நவம்பரில் கறுப்பின மாணவர்களும் ஏனைய சிறுபான்மை மாணவர்களும் தொடங்கிய வேலைநிறுத்தம் அடுத்த ஆண்டு மார்ச் வரை நீடித்தது. பொலிஸ் வந்தது, கைதுகள் நடந்தன. அதன் விளைவாகவே இனத்துவக் கற்கைகளுக்கான பிரிவு அங்கு பிறந்தது. மகளிர் கற்கைகள் 1970 இல் சான் டியாகோவில் வந்தன. எங்கள் பங்கும் இதில் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த குமாரி ஜயவர்தன 1986 இல் வெளியிட்ட, மூன்றாம் உலகின் பெண்ணிலைவாதமும் தேசியவாதமும் பற்றிய நூல் மேலைநாட்டு வகுப்பறைகளில் பரவலாகப் படிக்கப்படுகின்றது. புளோரிடாவின் அந்தக் குவியலில் அதன் பிரதி கிடந்ததோ, நானறியேன்.

இத்துறைகளில் எழுதுவோர் சிலரின் நடை ஆளைக் கொல்லும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு பந்தியை மூன்று தடவை வாசித்தும் எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று தேடவேண்டியிருக்கும். சில வகுப்புகளில் மாற்றுக் கருத்துக்கு மூச்சுவிட இடமில்லை என்ற முறைப்பாட்டையும் நான் ஒதுக்கிவிட மாட்டேன். அதற்கு மருந்து நல்ல ஆசிரியரும் கடுமையான விமர்சனமும். பொருளியல் ஆசிரியர் ஒருவர் பிழையாகக் கற்பித்தால் எந்த ஆளுநராவது பொருளியலை ஒழிப்பாரா?

பணம் மிச்சமாகியதா என்றால் அதுவுமில்லை. ஒரு சிறிய கல்லூரியில் இத்தகைய நெறிக்குத் தனிப் பீடமோ கட்டடமோ இருப்பதில்லை. வரலாறும் இலக்கியமும் கற்பிப்பவர்களே தங்கள் பாடங்களோடு சேர்த்து இதையும் தாங்குகின்றார்கள். நியூ கொலிஜில் இதற்கென்று முழுநேரமாக இருந்த ஒரேயொரு ஆசிரியரும் அந்த ஓகஸ்டிலேயே விலகிச் சென்றார். அவரோடு நிற்கவில்லை. ஆசிரியர்களில் மூன்றிலொரு பங்கினருக்கும் அதிகமானோர் அவ்வாண்டு வெளியேறினார்கள். மசாசூசெட்ஸின் ஹாம்ஷயர் கல்லூரி அதே கட்டணத்தில் இடந்தர முன்வந்ததால் மாணவர்களில் ஒரு பகுதியினர் அங்கு போய்ச் சேர்ந்தார்கள். எஞ்சியவர்களில் பலர் 2023 இலையுதிர் காலத் தவணையில் விடுதியறை கிடைக்காமல் ஹோட்டல்களில் தங்கவைக்கப்பட்டார்கள். புதிதாகத் தொடங்கிய விளையாட்டு அணிகளுக்காகச் சேர்க்கப்பட்டவர்களுக்கும் புதுமுக மாணவர்களுக்கும் அறைகள் தேவைப்பட்டன. பேஸ்போல் விளையாடுபவர்கள் மட்டும் ஏறத்தாழ எழுபது பேர். சிக்கனத்தைப் பற்றிப் பேசுபவர்கள் அந்த ஹோட்டல் கட்டணத்தையும் ஒரு தடவை கூட்டிப் பார்க்கட்டும்.