வண்டிப்பாதையில் சைக்கிள் பந்தயம்... வெள்ளாமைக்கு ஆபத்தா, பாதைக்குப் பாதுகாப்பா?

‘‘எங்கள் ஊரில் கரிசல் காட்டுக்குப் போகும் வண்டிப்பாதை வருஷா வருஷம் குறுகிக்கொண்டே வருகிறது. பாதி தார் ரோடு, பாதி வண்டிப்பாதை என்று ஒரு சைக்கிள் பந்தயம் நடத்த இளைஞர்கள் ஆசைப்படுகிறார்கள். ‘வெள்ளாமை பாழாகும்’ என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்யலாம்?’’

- வாசகர், ஏழாயிரம்பண்ணை, விருதுநகர் மாவட்டம்.

தாராளமாக நடத்தலாம். ஆனால், தேதியையும் தடத்தையும் அந்தப் பாதையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் முடிவு செய்ய வேண்டும். அப்படி நடந்தால் பந்தயத்தால் அதிக லாபம் பாதைக்குத்தான்.

இத்தாலியின் டஸ்கனி பகுதியில் திராட்சை, ஆலிவ் தோட்டங்களுக்கு நடுவே வெள்ளை நிறச் சரளைச் சாலைகள் உண்டு. தார் போடப் போட அவை மறைந்துகொண்டே வந்தன. அவற்றைக் காப்பாற்றும் நோக்கத்தோடு 1997-ல் கையோலே என்ற சிற்றூரில் ‘லெரோய்கா’ என்ற சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கினார்கள். முதல் வருஷம் வந்தவர்கள் 92 பேர்தான். அதன் வழியில் 2007-ல் தொழில்முறை வீரர்களுக்கான ‘ஸ்த்ராதே பியாங்கே’ பந்தயம் பிறந்தது. ‘வெள்ளைச் சாலைகள்’ என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். இன்று உலகின் முக்கியமான பந்தயங்களில் அதுவும் ஒன்று.

பிரான்ஸின் வடமேற்கு மூலையில் நடக்கும் ‘ட்ரோ ப்ரோ லியோன்’ பந்தயம் நமக்கு இன்னும் நெருக்கமானது. உள்ளூர் பிரெட்டன் மொழிப் பள்ளிக்கு நிதி திரட்ட 1984-ல் ஆரம்பித்தது. தார் ரோட்டிலிருந்து இறங்கி, ‘ரிபினு’ எனப்படும் பண்ணைப் பாதைகளில் புகுந்து போகும். அந்த வட்டாரத்து வீரர்களில் முதலாவதாக வருபவருக்குப் பரிசு ஒரு பன்றிக்குட்டி! நம் ஊரென்றால் கிடாய் கொடுக்கலாம்.

இனி, நீங்கள் செய்ய வேண்டியவை.

பதிவேடு: ஒவ்வொரு உழவிலும் ஒரு சால் உள்ளே வந்தால், கடைசியில் மிஞ்சுவது ஒற்றையடிப் பாதைதான். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தையும் ‘அ’ பதிவேட்டையும் பாருங்கள். வண்டிப்பாதை புறம்போக்கு என்று இருந்தால், சர்வேயரை வைத்து அளந்து கல் நடச் சொல்லி வெம்பக்கோட்டை தாசில்தாருக்கு மனு கொடுங்கள். பட்டா நிலத்தின் வழியாகப் போகும் பாதை என்றால், நிலத்துக்காரரிடம் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்குங்கள்.

பருவம்: ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், பாதையும் குழியாகும். பருத்தி, மக்காச்சோளம் எடுத்து முடித்த பிறகு, பங்குனி வாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள்.

தடம்: பட்டாசு ஆலைகளுக்குச் சரக்கு வண்டி போய்வரும் ரோடுகளைத் தவிர்த்துவிடுங்கள். ஊராட்சி, காவல்துறை இரண்டு இடத்திலும் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். தார் ரோட்டிலிருந்து பாதைக்குத் திரும்பும் இடத்தில்தான் வேகமாக வந்து சறுக்குவார்கள். அங்கே இரண்டு ஆட்களை நிறுத்துங்கள். முதலுதவி வண்டியும் இருக்கட்டும்.

முள்: சீமைக்கருவேல முள் கிடந்தால் பாதிப் பேர் பஞ்சராகி நடந்துதான் வருவார்கள். முதல் வாரமே ஊர் கூடி ஓரத்துக் கருவேலைத் தூரோடு எடுத்துவிட்டால், பாதி அகலம் அப்போதே திரும்பக் கிடைத்துவிடும்.

சைக்கிள்: விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. நம் வீட்டுப் பழைய கறுப்பு சைக்கிளின் 28-க்கு 1½ அங்குல டயர் சுமார் 38 மில்லிமீட்டர் அகலம். சரளைப் பந்தய வீரர்கள் தேடுவதும் அந்த அகலத்தைத்தான். காற்றைக் கல் மாதிரி ஏற்றாமல் கொஞ்சம் குறைத்தால் பிடிமானம் கிடைக்கும்.

தூரம்: அரசு நடத்தும் அண்ணா பிறந்தநாள் மிதிவண்டிப் போட்டியில் 13 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு 15 கி.மீ., மாணவிகளுக்கு 10 கி.மீ. தூரம். அது தார் ரோட்டுக் கணக்கு; மண்பாதையில் அதற்கும் குறைவாக வையுங்கள்.

நுழைவுக் கட்டணத்தில் பரிசு போக மிஞ்சும் பணத்தைப் பாதைக்கென்று தனியாக வையுங்கள். புரட்டாசிக்குள் பள்ளங்களில் சரள் அடித்து, ஓரத்தில் வாய்க்கால் எடுத்துவிட்டால், அடைமழையிலும் உங்கள் டிராக்டர் காடு வரை போகும். வெள்ளாமை பாழாகும் என்று பயப்படும் பெரியவர்களிடம் முதலில் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.